வேட்பாளர் சொல்வது யார் கையில் இருக்கிறது? சட்டமன்றத் தேர்தல் நேரத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாலுகா அலுவலகத்துக்கு எதிரே மேசை போட்டு மனு எழுதிக் கொடுப்பது என் தொழில். ஊர் டெல்டா பக்கம். பட்டா மாறுதல், வாரிசுச் சான்று, முதியோர் உதவித்தொகை என்று ஆண்டு முழுக்க எழுதுகிறேன். சட்டமன்றத் தேர்தல் அறிவித்துவிட்டால் மனு எழுத வருகிறவர்கள் கூடவே இன்னொன்றும் கேட்பார்கள்: "இந்த வேட்பாளர் இப்படிச் சொல்றாரே, நடக்குமா?" ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வந்ததால் பதில்களை ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். அதைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். எந்தக் கட்சிக்கும் ஆதரவாகவோ எதிராகவோ எழுதவில்லை.

மனுவில் 'அனுப்புநர்' எழுதியதும் அடுத்து வருவது 'பெறுநர்'. அது தவறிவிட்டால் எவ்வளவு நன்றாக எழுதினாலும் மனு மேசை மேசையாகச் சுற்றும். தேர்தல் வாக்குறுதிக்கும் ஒரு பெறுநர் உண்டு. அது யார் என்று தெரிந்துகொண்டால் வேட்பாளரிடம் என்ன கேட்பது என்று தானாகவே புரியும்.

எம்.எல்.ஏ.வோட வேலைதான் என்னங்க? ரோடு போடுறதா, சட்டம் போடுறதா?

சட்டம் இயற்றுவது, அரசு செலவழிக்கும் பணத்துக்கு ஒப்புதல் தருவது, அரசைக் கேள்வி கேட்பது. இந்த மூன்றும்தான் அவருடைய வேலை. தமிழ்நாட்டில் 234 பேர். ஆட்சி அமைக்க 118 பேர் வேண்டும். அந்தக் கணக்கில் ஒருவராக இருப்பதும் அவருடைய பங்குதான்.

ரோடு போடுவது துறைகள். எம்.எல்.ஏ. அந்தத் துறையை, அமைச்சரை, ஆட்சியரைப் பிடித்து இழுத்து வேலையை நடத்திவைக்கலாம். நல்ல எம்.எல்.ஏ. அதைச் செய்வார். ஆனால் கையெழுத்து அவருடையது இல்லை.

அப்போ எது அவர் கையில இருக்கு, எது இல்லைன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ராணுவம், வெளியுறவு, ரயில், எண்ணெய் வளம் எல்லாம் ஒன்றியப் பட்டியல். காவல், மருத்துவமனை, விவசாயம், நிலம், உள்ளாட்சி, மது இவையெல்லாம் மாநிலப் பட்டியல். கல்வி, மின்சாரம், காடு, தொழிலாளர் நலன் ஆகியவை பொதுப்பட்டியல். இதில் இரண்டு பேருமே சட்டம் போடலாம். மோதினால் பொதுவாக டெல்லியின் சட்டமே நிற்கும். கல்வி முன்பு மாநிலப் பட்டியலில் இருந்தது. 1976-இல் 42-ஆவது திருத்தம் அதைப் பொதுப்பட்டியலுக்கு மாற்றியது.

தனக்கென்று தனிப் பட்டியல் இல்லாத நான்காவது ஒருவரும் இருக்கிறார்: உங்கள் ஊராட்சி, பேரூராட்சி அல்லது நகராட்சி. ஆகவே ஒரு வாக்குறுதியைக் கேட்டதும் பெறுநர் டெல்லியா, சென்னையா, இரண்டுமா, உள்ளூரா என்று மனதுக்குள் எழுதிப் பாருங்கள். பின்னால் வரும் பதில்களில் இதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தப் போகிறேன்.

தெரு விளக்கு எரியலை, குழாய்ல தண்ணி வரலை. இதை வேட்பாளர்கிட்ட கேட்கலாமா கூடாதா?

கேட்கலாம். ஆனால் பெறுநர் ஊராட்சிதான். ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூட வேண்டும்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே சொல்லி, தீர்மானப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லுங்கள். ஏற்றினார்களா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

வேட்பாளரிடம் கேட்க வேண்டியது அதற்கு ஒரு படி மேலே. ஊராட்சிக்கு மாநில அரசு தரும் நிதியை உயர்த்தச் சொல்வீர்களா? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனால் சட்டமன்றத்தில் பேசுவீர்களா? இதற்கு அவர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும், ஏனென்றால் உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது.

எங்க ஊர் ஏரியைத் தூர்வாருவேன்னு ஒவ்வொரு தேர்தலுக்கும் எல்லாரும் சொல்றாங்களே?

முதலில் ஏரி யாருடையது என்று கேளுங்கள். ஏரித் தண்ணீர் பாயும் நிலம் (ஆயக்கட்டு) 40 ஹெக்டேருக்கு, அதாவது சுமார் 100 ஏக்கருக்கு மேல் என்றால் பொதுவாக நீர்வளத் துறையின் ஏரி. அதற்குக் குறைவானது ஊராட்சி ஒன்றியத்து ஏரி. இது தெரியாமல் வாக்குறுதி கொடுக்கிறவர் ஏரிக்கரையில் ஏறிப் பார்த்திருக்க மாட்டார் என்பது என் அனுபவம்.

அடுத்து, தூர் மட்டும் வாரினால் ஏரி நிறையாது. வரத்து வாய்க்கால் அடைபட்டிருந்தால் வெறும் பள்ளம்தான் மிஞ்சும். நீர்வளத் துறை ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-இலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆக்கிரமித்தவர்கள் பல நேரம் இதே தொகுதியின் வாக்காளர்கள். அதனால் "தூர்வாருவேன்" என்று சொல்பவரிடம், "வரத்து வாய்க்காலில் உள்ள கட்டடங்களை எடுப்பீர்களா? அங்கே குடியிருக்கும் ஏழைகளுக்கு மாற்று இடம் எங்கே?" என்று கேளுங்கள். இந்த இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலில்தான் அவருடைய நிலைப்பாடு தெரியும்.

ரோடுக்கும் இதே மாதிரி கணக்கு உண்டா?

உண்டு. சாலையோரக் கிலோமீட்டர் கல்லின் தலையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பெறுநர் டெல்லி. பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை, பெறுநர் சென்னை. ஊருக்குள் கல்லே இல்லாத சாலை பெரும்பாலும் ஒன்றியமோ ஊராட்சியோ போட்டது.

தொகுதி நிதின்னு கோடிக்கணக்குல வருதாமே, அதுல இதையெல்லாம் செய்யக் கூடாதா?

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. அவர் பணியைப் பரிந்துரை செய்வார். மாவட்ட நிர்வாகம் அனுமதி கொடுத்து நடத்தும். தொகுதியில் இரண்டரை லட்சம் வாக்காளர்கள் என்று வைத்தால், ஒருவருக்கு ஆண்டுக்கு 120 ரூபாய். ஒரு நிழற்குடை, ஒரு வகுப்பறை, ஒரு மேல்நிலைத் தொட்டி என்று போய்விடும். இதை வைத்துத் தொகுதியையே மாற்றிக் காட்டுவேன் என்றால் கணக்கு இடிக்கிறது.

எங்கள் பேருந்து நிறுத்தத்து நிழற்குடையில் உறுப்பினர் பெயர் ஓர் அடி உயர எழுத்தில் இருக்கும். மதிப்பீட்டுத் தொகையும் ஆண்டும் கீழே, சுவரொட்டி ஒட்டி ஒட்டி மறைந்துபோன இடத்தில் இருக்கும். அந்த மறைந்த வரிதான் வாக்காளருக்கு வேண்டியது. ஒரு நாள் ஈரத்துணியால் சுரண்டிப் படித்துப் பார்த்தேன். நாலு தூணுக்கும் ஒரு தகரத்துக்கும் எழுதியிருந்த தொகையைப் பார்த்த பிறகு, கேட்கிற எல்லோரிடமும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்: எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள்.

நீட் தேர்வை ஒழிப்போம்னு சொல்றாங்க. ஒரு எம்.எல்.ஏ.வால ஒழிக்க முடியுமா?

தனியாக முடியாது. சட்டமன்றம் முழுவதும் சேர்ந்தாலும் பாதி வழிதான் போக முடியும். நடந்ததைச் சொல்கிறேன். 2017-இல் தமிழ்நாடு சட்டமன்றம் விலக்கு கேட்டு மசோதாக்களை நிறைவேற்றியது. குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரில் மறுபடியும் மசோதா. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரி 8 அன்று சிறப்புக் கூட்டத்தில் மறுபடி நிறைவேற்றி அனுப்பினார்கள். அதற்கும் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே அறிவிக்கப்பட்டது.

ஆகவே "ஒழிப்பேன்" என்பவரிடம் "அடுத்த படி என்ன? நீதிமன்றமா, நாடாளுமன்றமா, டெல்லியில் உங்கள் கூட்டணி என்ன செய்யும்?" என்று கேளுங்கள். "நீட் இருக்கட்டும்" என்பவரையும் விட்டுவிட வேண்டாம். பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லாத பிள்ளைக்கு உங்கள் ஏற்பாடு என்ன என்று அவரிடம் கேளுங்கள்.

சட்டமன்றம் தன் எல்லைக்குள் செய்து காட்டியதும் ஒன்று உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு தரும் 2020-ஆம் ஆண்டுச் சட்டம். ஒரு வருஷம் என் மேசையில் சாதிச் சான்றுக்கு மனு எழுதிக்கொண்டு போன பெண், கூலி வேலை செய்பவரின் மகள், அந்த ஒதுக்கீட்டில் இடம் கிடைத்ததும் அப்பாவோடு வந்து சொல்லிவிட்டுப் போனாள். அவர் கையில் இருந்த மிட்டாய்ப் பொட்டலம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. சட்டமன்றம் என்றால் வெறும் பேச்சு என்று யாராவது சொன்னால் அந்தப் பிள்ளையைத்தான் நினைத்துக்கொள்வேன்.

ஜல்லிக்கட்டுக்கு மட்டும் ஒரு வாரத்துல சட்டம் வந்துச்சு. நீட்டுக்கு ஏன் வரலை?

இது நல்ல கேள்வி, பலரும் கேட்கிறார்கள். பொதுப்பட்டியலில் உள்ள ஒன்றுக்கு டெல்லிச் சட்டத்தோடு மோதும்படி மாநிலம் சட்டம் போட்டால், குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தால் அந்த மாநிலத்துக்குள் அது செல்லும். 254-ஆவது பிரிவு சொல்வது அது. 2014-இல் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடை செய்தது. 2017 ஜனவரியில் மெரினாவில் இளைஞர்கள் கூடினார்கள். ஜனவரி 21 அன்று அவசரச் சட்டம், 23 அன்று மசோதா, அந்த மாதமே ஒப்புதல். 2023 மே மாதம் ஐந்து நீதிபதிகள் அமர்வு அந்தச் சட்டம் செல்லும் என்றது.

குடியரசுத் தலைவர் ஒன்றிய அமைச்சரவையின் ஆலோசனைப்படி நடப்பவர். ஜல்லிக்கட்டுக்கு டெல்லி சம்மதித்தது, நீட் விலக்குக்குச் சம்மதிக்கவில்லை. இன்னொரு வித்தியாசமும் இருக்கிறது. உயர்கல்வியின் தரத்தை நிர்ணயிப்பது ஒன்றியப் பட்டியலில் தனியாக இருக்கிறது. நீட் செல்லும் என்று உச்ச நீதிமன்றமும் 2020-இல் தீர்ப்புச் சொல்லிவிட்டது. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசும் வேட்பாளரிடம் இதைப் பொறுமையாக எடுத்துச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

டாஸ்மாக்கை மூடுவேன்னு சொல்றவரை நம்பலாமா?

மது முழுக்க மாநிலப் பட்டியல். டெல்லியைக் கைகாட்ட வழியில்லை. சட்டமன்றம் நினைத்தால் மூடலாம். சேலம் மாவட்டத்தில் 1937-இலேயே மதுவிலக்கு வந்தது; மாநிலம் முழுக்க இருந்த மதுவிலக்கு 1971-இல் நிறுத்தப்பட்டது. டாஸ்மாக் நிறுவனம் 1983-இல் தொடங்கியது. சில்லறை விற்பனை அதன் கைக்கு வந்தது 2003-இல். 2016, 2017, 2023 என்று மூன்று முறை, ஒவ்வொரு முறையும் 500 கடைகள் மூடப்பட்டன.

முழுதாக மூடுவதற்குத் தடை பணம். ஆண்டுக்கு நாற்பதாயிரம் கோடிக்கு மேல் வருவாய் வருகிறது. மூடுவேன் என்பவர் அந்தப் பள்ளத்தை எதை வைத்து நிரப்புவார்? கள்ளச்சாராயத்தை எப்படித் தடுப்பார்? குடிக்கு அடிமையானவர்களுக்கு மாவட்ட மருத்துவமனையில் எத்தனை படுக்கை கேட்பார்? மூடமாட்டேன் என்று சொல்பவரிடமும் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்க வேண்டும். எனக்கு அதுதான் முக்கியம். விதவை உதவித்தொகை மனு எழுத வரும் இளம்பெண்களிடம் கணவர் எப்படி இறந்தார் என்று கேட்கும்போது வரும் பதில்களை நான் தினமும் கேட்கிறேன்.

ஒரு கடையை மட்டும் அகற்ற வேண்டும் என்றால் வழி வேறு. பள்ளிக்கோ வழிபாட்டுத் தலத்துக்கோ நகரப் பகுதியில் 50 மீட்டருக்குள்ளும் மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. பெறுநர் மாவட்ட ஆட்சியர். ஒரு தடவை ஐந்து பெண்கள் சணல் கயிற்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார்கள். மீட்டருக்கு ஒரு முடிச்சு. பள்ளி வாசலிலிருந்து கடை வரை அவர்களே அளந்திருந்தார்கள்: எண்பத்தி மூன்று முடிச்சு. அந்தக் கயிற்றை மேசை மேல் வைத்துவிட்டு "எழுதுங்கண்ணே" என்றார்கள். அந்த மனுவில் நான் சேர்க்க வேண்டியது அதிகம் இருக்கவில்லை.

மாசாமாசம் பணம் தர்றேன்னு எல்லாக் கட்சியும் ஏலம் விடுற மாதிரி சொல்றாங்களே, இது லஞ்சம் இல்லையா?

சட்டப்படி இல்லை. தேர்தல் அறிக்கையில் தரும் வாக்குறுதி முறைகேடான செயல் ஆகாது என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டில் தொலைக்காட்சி, மிக்சி, கிரைண்டர் கொடுத்ததை ஒட்டி எழுந்த வழக்குதான் அது. கூடவே, அறிக்கைகளுக்கு வழிகாட்டு நெறிகள் வகுக்கத் தேர்தல் ஆணையத்துக்கு உத்தரவிட்டது. அதன்படி, ஒரு வாக்குறுதியின் நியாயத்தையும் அதற்கான பணம் வரும் வழியையும் அறிக்கை சொல்ல வேண்டும்.

நான் இதை 'இலவசம்' என்று எழுதுவதில்லை. 1956-இல் காமராஜர் மதிய உணவைத் தொடங்கியபோதும், 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவாக விரிவாக்கியபோதும் இதே கேள்வி எழுந்தது. இன்று அதை யாரும் வீண் என்று சொல்வதில்லை. 2021-இல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லா பயணம் வந்தது. 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் உரிமைத்தொகை வந்தது. வீட்டுக்காரரிடம் கை நீட்டாமல் மனு எழுதும் கூலியைத் தன் சுருக்குப் பையிலிருந்து எடுத்துத் தரும் பெண்களை இப்போது அதிகம் பார்க்கிறேன்.

ஆனால் கணக்குப் போட்டுத்தான் கேட்க வேண்டும். ஒரு கோடிப் பெண்களுக்கு மாதம் 1,000 என்றால் ஆண்டுக்கு 12,000 கோடி. இரண்டாயிரம் தருவேன் என்றால் 24,000 கோடி. கூடுதல் பணம் எங்கிருந்து வரும், எந்தச் செலவு குறையும் என்று சொல்லட்டும். டாஸ்மாக்கையும் மூடி இதையும் தருவேன் என்றால், முந்தைய பதிலில் உள்ள நாற்பதாயிரம் கோடியையும் சேர்த்துக் கேளுங்கள்.

பெட்ரோல் விலையை மாநிலம் குறைக்க முடியுமா?

தன் பங்கை மட்டும். 2017 ஜூலை 1 அன்று வந்த ஜி.எஸ்.டி.க்குள் பெட்ரோல், டீசல் வரவில்லை. மாநிலம் மதிப்புக் கூட்டு வரி போடுகிறது, டெல்லி கலால் வரி போடுகிறது. 2021 ஆகஸ்டில் தமிழ்நாடு பெட்ரோல் மீதான தன் வரியில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. எவ்வளவு குறைப்பீர்கள் என்று கேட்டால் ரூபாயில் பதில் வர வேண்டும்.

காவிரியில தண்ணி கொண்டுவருவேன்னு பேசுறாங்க. எங்க பக்கம் இதுதானே பெரிய விஷயம்?

தண்ணீரின் பங்கு தீர்ந்துபோன வழக்கு. கர்நாடகம் ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு விட வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடிவு சொன்னது. மாதாமாதம் திறந்துவிடுவதைப் பார்க்க காவிரி மேலாண்மை ஆணையம் இருக்கிறது. அந்த ஆணையத்தில் சண்டை போடுவது அரசின் வேலை. தொகுதி வேட்பாளர் ஒருவர் காவிரியைக் கொண்டுவந்துவிட முடியாது.

அவர் செய்யக்கூடியது மேட்டூருக்குக் கீழே இருக்கிறது. ஜூன் 12 அன்று அணை திறந்தால் கடைமடைக்குத் தண்ணீர் வர நாளாகும். அதற்குள் வாய்க்கால் தூர்வாரி முடிந்திருக்க வேண்டும். பல ஆண்டுகள் ஒருபக்கம் தண்ணீர் வரும்போது இன்னொரு பக்கம் பொக்லைன் நிற்கும். "தூர்வாரும் பணி மே மாதத்துக்குள் முடிய என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள்.

அப்புறம் கொள்முதல். அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் சாலையில் நெல்லைக் கொட்டி, காலால் கிளறிக் கிளறி காயவைப்போம். 17 சதவீதத்துக்கு மேல் ஈரப்பதம் என்றால் எடுக்க மாட்டார்கள். தளர்வு தருவது டெல்லி. ஆனால் நேரடிக் கொள்முதல் நிலையத்தை நேரத்துக்குத் திறப்பது, சாக்கு, லாரி, நெல்லுக்கு மேலே ஒரு கூரை, மூட்டைக்கு இவ்வளவு என்று கேட்கிறவர்களைத் தடுப்பது எல்லாம் மாநிலத்தின் நுகர்பொருள் வாணிபக் கழகத்தைச் சேர்ந்தது. காவிரி பற்றி மேடையில் அரை மணி பேசுகிறவர் கூரை பற்றி ஒரு நிமிடமாவது பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கிறேன்.

ஹைட்ரோகார்பன் திட்டமே வராதுன்னு உறுதி சொல்றாரே?

எண்ணெய் வளம் ஒன்றியப் பட்டியல். நிலமும் விவசாயமும் மாநிலம். இந்த இடுக்கில்தான் 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. டெல்டாவில் புதிய எண்ணெய், எரிவாயு எடுப்புக்கு அது தடை போட்டது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்த பணிகளை அது தொடவில்லை. 2023-இல் டெல்டா நிலக்கரிப் பகுதிகள் ஏலப் பட்டியலில் வந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் டெல்லி அவற்றை நீக்கியது. ஆகவே கேள்வி: "பழைய கிணறுகள் பற்றி உங்கள் நிலை என்ன? சட்டத்துக்குள் வராத ஊராட்சி ஒன்றியங்களைச் சேர்க்கத் திருத்தம் கேட்பீர்களா?"

கச்சத்தீவை மீட்பேன்னு சட்டமன்ற வேட்பாளர் சொல்றது?

1974-இல் இந்தியாவும் இலங்கையும் செய்த ஒப்பந்தம் அது. பெறுநர் டெல்லி மட்டுமே. சட்டமன்றம் தீர்மானம் போடலாம். தீர்மானம் என்பது வேண்டுகோள், சட்டம் இல்லை. மீனவர் பகுதி வேட்பாளரிடம், கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்து நிவாரணம் பற்றியும், சிறைப்பட்ட படகுக்கு இழப்பீடு பற்றியும் கேளுங்கள். அவை மாநிலம் செய்யக்கூடியவை.

பழைய ஓய்வூதியம் திரும்ப வரும்னு சொல்றாங்க, எங்க வீட்டுல ஆசிரியர் இருக்கார்.

2003 ஏப்ரல் 1 முதல் பணியில் சேர்ந்த மாநில அரசு ஊழியர்களுக்குப் பங்களிப்பு ஓய்வூதியம் கொண்டுவரப்பட்டது. அதை வைப்பதும் மாற்றுவதும் மாநிலம் எடுக்கக்கூடிய முடிவு. ராஜஸ்தான், இமாச்சலம் போன்றவை மாற்ற முடிவெடுத்தன. எனவே "பரிசீலிப்போம்" என்ற சொல்லை ஏற்காதீர்கள். முழுதாகவா, பகுதியாகவா, எந்தத் தேதியிலிருந்து என்று கேளுங்கள். பணத்துக்கு உரிமைத்தொகை பற்றிச் சொன்ன அதே கணக்கு.

என் மனசாட்சிப்படிதான் ஓட்டுப் போடுவேன்னு ஒரு கட்சி வேட்பாளர் சொன்னார். அது சாத்தியமா?

கொறடா உத்தரவு வந்துவிட்டால் கிட்டத்தட்ட சாத்தியமில்லை. 1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி, கட்சி உத்தரவை மீறி வாக்களித்தாலோ வாக்களிக்காமல் இருந்தாலோ, கட்சி பதினைந்து நாளுக்குள் மன்னிக்காவிட்டால் பதவி போகலாம். அதனால் கட்சி வேட்பாளரின் சொந்த நிலைப்பாட்டைப் போலவே கட்சியின் தேர்தல் அறிக்கையும் முக்கியம். துண்டறிக்கையில் ஒன்றும் அறிக்கையில் வேறொன்றும் இருந்தால் சபையில் நிற்கப் போவது அறிக்கைதான்.

ஆனால் பேச்சுக்குக் கொறடா இல்லை. துறைகளுக்குப் பணம் ஒதுக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில் தொகுதிக்காக எழுந்து பேசலாம். "உங்கள் கட்சி நிலைக்கும் நம் தொகுதி நலனுக்கும் முரண் வந்தால் சபையில் பேசவாவது செய்வீர்களா?" இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலர் யோசிப்பார்கள். யோசிக்கிறவரை எனக்குப் பிடிக்கும்.

சுயேச்சை ஒருத்தர் நல்லவரா இருக்கார். ஜெயிச்சாலும் தனி ஆளா என்ன செஞ்சிட முடியும்?

சட்டம் நிறைவேற்ற எண்ணிக்கை வேண்டும். கேள்வி கேட்க ஒருவர் போதும். கேள்வி நேரம், கவன ஈர்ப்பு, ஒதுக்கிய பணத்தைக் குறைக்கச் சொல்லும் வெட்டுத் தீர்மானம், தனி உறுப்பினர் மசோதா எல்லாம் அவருக்கும் உண்டு. அமைச்சர் சபையில் "செய்து தருகிறோம்" என்று சொன்னதைப் பின்தொடர அரசு உறுதிமொழிக் குழு என்றே ஒன்று இருக்கிறது.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னை மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினர்தான். பின்னால் பெரிய அணி எதுவும் இல்லை. தேவதாசி முறையை ஒழிக்க 1927-இல் அவர் தீர்மானம் கொண்டுவந்தார். முழுச் சட்டம் வந்தது 1947-இல். இருபது ஆண்டுகள் ஆயின. தொடங்கிவைத்தது ஒரு குரல். சுயேச்சையிடம், "முதல் கூட்டத்தொடரில் எழுப்பப்போகும் மூன்று கேள்விகள் என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். இன்னொன்று: ஜெயித்த பிறகு சுயேச்சை ஒரு கட்சியில் சேர்ந்தால் மேலே சொன்ன அதே சட்டப்படி அவர் பதவியும் போகும்.

வேட்பாளர் வேட்புமனுவோட சொத்து விவரம் கொடுப்பாராமே, அதை நாம பார்க்கலாமா?

பார்க்க வேண்டும். படிவம் 26 என்ற பிரமாணப் பத்திரம். 2002-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பால் வாக்காளருக்குக் கிடைத்த உரிமை இது. தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். குற்ற வழக்குகள், தன்னுடையதும் துணைவருடையதும் சார்ந்தவர்களுடையதுமான சொத்து, கடன், படிப்பு எல்லாம் அதில் இருக்கும். முன்பும் நின்றவர் என்றால் பழைய பத்திரத்தையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நில அளவும் தொழில் விவரமும் எப்படி மாறியிருக்கிறது என்று பாருங்கள்.

வழக்கு இருப்பவரை நிறுத்தினால் ஏன் நிறுத்தினோம் என்று கட்சி வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு மட்டும் காரணமாகக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் எல்லா வழக்கும் ஒன்றில்லை. மறியல் செய்த வழக்கு வேறு, நிலம் அபகரித்த வழக்கு வேறு. பிரிவு எண்ணைப் பார்த்துக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

காசு வாங்கிட்டேன். அவருக்குத்தான் போடணுமா? சாமி மேல சத்தியம் வாங்கிட்டாங்க.

இதைக் கேட்டவர்கள் பெரும்பாலும் தலை குனிந்து மெதுவாகத்தான் கேட்டார்கள். வாக்கு ரகசியம், யாருக்குப் போட்டீர்கள் என்று யாராலும் பார்க்க முடியாது. கட்டாயத்தில் வாங்கிய சத்தியம் உங்களைக் கட்டாது என்பது என் நம்பிக்கை. ஆனால் கொடுப்பது மட்டுமில்லை, வாங்குவதும் குற்றம். பணப் பட்டுவாடாவால் 2016-இல் அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும், 2017-இல் ஆர்.கே. நகரிலும் தேர்தலே நிறுத்தப்பட்டது. அடுத்த முறை வாசலில் நின்று "வேண்டாம்ப்பா" என்று சொல்லிப் பாருங்கள். அக்கம்பக்கத்தில் நாலு வீடு சேர்ந்து சொன்னால் இன்னும் எளிது.

கூட்டத்துல எழுந்து கேட்க பயமா இருக்கு. சுத்தி ஆளுங்க நிக்கிறாங்க.

தனியாகக் கேட்க வேண்டாம். ஒரு முறை எங்கள் பக்கத்து ஊரில் வேட்பாளரின் திறந்த ஜீப் ரேஷன் கடை அருகே நின்றது. ஆரத்தித் தட்டோடு நின்ற பெண்களில் ஒருவர், தட்டைக் கீழே வைக்காமலே, "சார், போன தடவை ஆஸ்பத்திரிக்கு ராத்திரி டாக்டர் வரும்னு சொன்னீங்க" என்றார். அவர் "வரும்மா" என்றார். பக்கத்தில் இருந்த இன்னொரு பெண் "எந்த மாசம் சார்?" என்றார். மூன்றாவது பெண்ணும் அதையே கேட்டார். ஜீப் நகரவில்லை. கடைசியில் அவர் மைக்கைக் கீழே இறக்கி, எந்தப் பதவி காலியாக இருக்கிறது, ஆள் நியமனம் ஏன் தாமதம் என்று விளக்கினார். மருத்துவமனை மாநிலப் பட்டியல். சரியான பெறுநரிடம் சரியான கேள்வி. பணிவாக, ஒரே கேள்வியை மூன்று பேர்.

நோட்டாவுக்குப் போட்டா என்ன ஆகும்?

'இவர்களில் யாருக்கும் இல்லை' என்ற அந்தப் பொத்தான் 2013 முதல் இருக்கிறது. உங்கள் அதிருப்தி பதிவாகும். சட்டமன்றத் தேர்தலில் நோட்டா எவ்வளவு வாங்கினாலும், வேட்பாளர்களில் அதிக வாக்கு வாங்கியவரே ஜெயித்தவர்.

எல்லாம் கேட்டாச்சு, பதிலும் சொன்னார். ஜெயிச்ச பிறகு மறந்துட்டா?

துண்டறிக்கையைக் கிழித்துப் போடாதீர்கள். எங்கே, எந்தத் தேதியில், என்ன சொன்னார் என்று அதன் பின்பக்கத்திலேயே எழுதிவையுங்கள். கேட்ட இரண்டு பேர் பெயரையும் எழுதுங்கள். சபையில் அவர் என்ன பேசினார் என்பது சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகும். சட்டமன்ற இணையதளத்திலும் தேடலாம். ஆறு மாதம் கழித்து அவருக்கே ஒரு மனு எழுதுங்கள். பெறுநர் இடத்தில் அவர் பெயர். பொருள் இடத்தில் அவர் கொடுத்த வாக்குறுதி, அவர் சொன்ன சொற்களிலேயே. கடைசியில் 'இணைப்பு: 1' என்று போட்டு அந்தத் துண்டறிக்கையின் நகலைக் குண்டூசியால் குத்தி அனுப்புங்கள். விரைவுத் தபாலில், கிடைத்ததற்கான ஒப்புகையோடு.